மடையும் மூட்டையும்

காவிரிப் பாசனப் பகுதியில் பல வீடுகளில் உரம் ஒருவர் பொறுப்பு, தண்ணீர் இன்னொருவர் பொறுப்பு. மூட்டை வாங்குவதும், எந்த வயலுக்கு எவ்வளவு என்று சொல்வதும் குடும்பத்தில் மூத்தவர். மடை திறப்பதும் அடைப்பதும் வயலில் நிற்கிற ஆள். இருவரும் அவரவர் வேலையைக் குறைவில்லாமல் செய்கிறார்கள். ஆனால் யூரியா விசிறுகிற அன்று வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கலாம், மறுநாள் மடையை என்ன செய்வது என்று இருவரும் கலந்து பேசுவது அபூர்வம். நஞ்சை நெல்லுக்குப் போடும் யூரியாவின் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது வழக்கமாக 30 முதல் 40 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி காற்றிலும் வடிகாலிலும் போகிறது. இந்த இழப்பு மூட்டையில் இல்லை, மடையில் இருக்கிறது.

அதனால் இந்த அத்தியாயத்தில் நீரையும் உரத்தையும் பிரிக்காமல் சேர்த்தே பார்க்கிறோம். சொல்லப்படும் அளவுகள் டெல்டாவின் குறுவை, சம்பா, தாளடிப் பட்டங்களை வைத்து எழுதப்பட்டவை. மற்ற பகுதியினர் அளவை மாற்றிக்கொள்ளலாம், முறை மாறாது.

யூரியா வயலில் விழுந்த பிறகு

ஈர மண்ணில் விழுந்த யூரியாவை இரண்டு மூன்று நாளில் யூரியேஸ் என்ற நொதி அம்மோனியமாக மாற்றுகிறது. அம்மோனியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும், வேர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது இதுதான். இந்த மாற்றம் சேற்றுக்குள் நடந்தால் சத்து வயலில் தங்கும். தேங்கி நிற்கும் தண்ணீருக்குள் நடந்தால் தங்காது.

நட்டு இரண்டு வாரமான வயலை உச்சி வெயிலில் குனிந்து பாருங்கள். தண்ணீரின் மேல் பாசி பச்சைப் படலமாக மிதக்கும், அதன் அடியிலிருந்து சின்னக் குமிழிகள் கிளம்பும். வெயிலில் பாசி, தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. அதனால் தண்ணீரின் காரத்தன்மை பகலில் ஏறுகிறது, கார அமில நிலை 9 வரைகூடப் போகும். இந்தத் தண்ணீரில் இருக்கும் அம்மோனியம், அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றோடு போய்விடும். பயிர் சிறியதாக இருக்கும்போது வெயிலும் காற்றும் நேராகத் தண்ணீர்மேல் படுவதால், முதல் மேலுரத்தில்தான் இந்த இழப்பு அதிகம்.

இரண்டாவது வழி மண்ணுக்குள் இருக்கிறது. வயல் காய்ந்து மண்ணுக்குள் காற்றுப் புகுந்தால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும். மறுபடி தண்ணீர் கட்டியதும் அந்த நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். அதாவது, உரம் போட்ட கையோடு வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் கட்டினால், கண்ணுக்குத் தெரியாமலே தழைச்சத்து கரைகிறது.

மூன்றாவது வழியை எல்லோரும் அறிவார்கள், யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டெல்டாவில் பல இடங்களில் வயலுக்கு வயல் பாய்ச்சல்தான். மேல் வயலில் விசிறிய யூரியா அன்றிரவே வரப்பு வாயில் வழியாகக் கீழ் வயலுக்குப் போகிறது. நண்டு வளை இருந்தால் வாயில் அடைத்திருந்தும் பயனில்லை. மேல் வயல்காரர் இரண்டு முறை உரம் போட்டும் பயிர் வெளுத்திருக்க, கீழ் வயல் கருகருவென்று நின்று காற்றடித்தால் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். இருவருக்குமே நஷ்டம்.

ஆகவே செய்ய வேண்டியது இது. மேலுரம் போடும் நாளுக்கு முன்பே தண்ணீரை வடித்தோ, தானாகச் சுண்டவிட்டோ, சேறு மட்டும் பளபளக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கால் வைத்தால் பாதம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊற வேண்டும், ஆனால் வயலில் தண்ணீர் நிற்கக்கூடாது. முதலில் களை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உரம் களைக்குத்தான். இலையில் பனி காய்ந்த பிறகு, அல்லது மாலையில், விசிறுங்கள். ஒரு நாள் விட்டு 2 முதல் 3 செ.மீ. அளவு தண்ணீர் கட்டுங்கள். அது கரைந்த உரத்தை வேர் மட்டத்துக்குள் இறக்கும். பிறகு மூன்று நாள் வடிகாலையும் வரப்பு வாயிலையும் திறக்கவே வேண்டாம். வானிலை அறிக்கையில் கனமழை என்றிருந்தால் உரத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஒரு பழக்கமே பல மூட்டைகளைக் காப்பாற்றும்.

யூரியாவை மெதுவாகக் கரையச் செய்வதற்குப் பழைய முறை ஒன்று உண்டு, இன்றும் நல்லதுதான். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, தூளாக்கிய வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு என்று கலந்து ஓர் இரவு குவித்து வைத்து மறுநாள் போடுவது. 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேம்பு பூசியே வருகிறது, பிறகு எதற்குப் புண்ணாக்கு என்று கேட்பவர்கள் உண்டு. பூச்சு மிக மெல்லியது. புண்ணாக்கு கிடைக்கிறவர்கள் கலந்துகொள்வதில் தவறில்லை, கிடைக்காதவர்கள் அதற்காக மேலுரத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தண்ணீரைச் சரியாக வைப்பது கலவையைவிட முக்கியம்.

ஏக்கருக்கு எத்தனை மூட்டை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் டெல்டாவுக்குக் குறுகிய கால ரகங்களுக்கும் மத்திய, நீண்ட கால ரகங்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பது எக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 50 கிலோ. ஏக்கருக்கு 60, 20, 20 என்று வைத்துக்கொள்ளலாம். இது மண் பரிசோதனை செய்யாதவர்களுக்கான அளவு. வெள்ளைப் பொன்னி போலத் தழைச்சத்து அதிகமானால் படுத்துவிடும் ரகங்களுக்குத் தழைச்சத்தில் இதில் பாதிதான்.

கடையில் கிலோக் கணக்கில் தழைச்சத்து விற்பதில்லை, மூட்டைதான். ஒரு மூட்டை டிஏபி 50 கிலோ, அதில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. ஏக்கருக்கு இந்த ஒரு மூட்டையோடு மணிச்சத்து முடிந்தது. மீதித் தழைச்சத்து 51 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் 111 கிலோ யூரியா வேண்டும். 2018-க்குப் பிறகு யூரியா மூட்டை 45 கிலோவாகிவிட்டது, எனவே இரண்டரை மூட்டை. பொட்டாஷ் 33 கிலோ. ஆக, ஏக்கருக்கு டிஏபி ஒன்று, யூரியா இரண்டரை, பொட்டாஷ் முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு.

தழைச்சத்தை நான்காகப் பிரித்துப் போட வேண்டும்: அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம். ஒவ்வொன்றுக்கும் 15 கிலோ. அடியுரத்தில் டிஏபி 9 கிலோ கொடுத்துவிடுவதால் 13 கிலோ யூரியா போதும். அடுத்த மூன்று முறையும் தலா 33 கிலோ. தஞ்சைப் பக்கம் மா கணக்கில் பார்ப்பவர்களுக்கு இன்னும் எளிது. மூன்று மா ஓர் ஏக்கர், ஆகவே மேலுரம் ஒவ்வொன்றுக்கும் மாவுக்கு 11 கிலோ யூரியா. பொட்டாஷில் பாதியை அடியுரமாகவும் பாதியைக் கதிர் உருவாகும் பருவத்திலும் கொடுங்கள்.

டிஏபியையும் காம்ப்ளக்ஸையும் நட்ட இருபதாம் நாள் மேலுரமாக விசிறும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வேண்டாம். மணிச்சத்து மண்ணில் நகராது. மேலே விழுந்த இடத்திலேயே பிடிபட்டு நிற்கும், பாசிதான் கொழுக்கும். நாற்றுக்கு வேர் பிடிக்கும் நேரத்தில் வேர் இருக்கும் இடத்தில் மணிச்சத்து இருக்க வேண்டும், அதற்குக் கடைசி உழவில் போட்டுப் பரம்படிப்பதுதான் வழி. வருடக்கணக்கில் இரண்டு போகமும் டிஏபி போட்ட வயல்களில் மணிச்சத்து ஏற்கெனவே குவிந்திருக்கும். மண் வள அட்டையில் மணிச்சத்து எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்று வந்திருந்தால் பரிந்துரையில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். மணிச்சத்து மிதமிஞ்சினால் துத்தநாகக் குறைவும் கூடவே வரும்.

பொட்டாஷைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலில் நிற்கிறது. முன்பு வைக்கோல் மாட்டுக்குப் போய், எருவாக வயலுக்குத் திரும்பியது. இப்போது அறுவடை இயந்திரத்துக்குப் பின்னாலேயே கட்டு கட்டும் இயந்திரம் வந்து, வைக்கோல் லாரியில் வெளியூர் போகிறது. அதோடு உங்கள் வயலின் பொட்டாஷும் போகிறது. வைக்கோலை விற்பவர்கள் பொட்டாஷைக் குறைக்கவே கூடாது.

யூரியா மட்டும் அளவுக்கு மீறிப் போவதற்குக் காரணம் தெரிந்ததுதான். 45 கிலோ மூட்டை ரூ.266.50, டிஏபி ரூ.1,350. மலிவானது கையை இழுக்கிறது, இரண்டே நாளில் பயிர் கறுப்பதும் கண்ணுக்குத் திருப்தியாக இருக்கிறது. ஆனால் அந்தக் கரும்பச்சை நிறத்தைத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வருகின்றன. குலை நோயும் இலையுறைக் கருகலும் அங்கேதான் முதலில் விழுகின்றன. கூடுதல் யூரியாவின் செலவை மூட்டை விலையோடு நிறுத்தாதீர்கள், மருந்துக் கடைச் சீட்டையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

தக்கைப்பூண்டு விதைக்க இடைவெளி கிடைத்தால் விடாதீர்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை, பூக்கும் தருணத்தில், அதாவது 45 நாள் அளவில், மடக்கி உழ வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை சேர்ந்தால் அடியுர யூரியாவை விட்டுவிடலாம். மடக்கியபின் ஒரு வாரம் முதல் பத்து நாள் மட்கவிட்டு நடுங்கள்.

ஐந்து சென்டிமீட்டர் என்பது எவ்வளவு

ஓர் ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். நெல் பயிருக்கு முழுப் பருவத்தில் சுமார் 1,100 முதல் 1,250 மி.மீ. தண்ணீர் செலவாகிறது, அதில் ஏறக்குறைய 200 மி.மீ. சேற்றுழவுக்கே போய்விடும். மீதி முழுவதையும் பயிர் குடிப்பதில்லை. கணிசமான பங்கு கீழே இறங்குகிறது, வரப்பு வழியாகக் கசிகிறது. தண்ணீரை எவ்வளவு உயரமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு வேகமாக இறக்கமும் கசிவும் நடக்கும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கட்டி வைத்தால் தண்ணீர் சேமித்ததாக ஆகாது.

நீர்ச் சிக்கனம் நடவுக்கு முன்பே தொடங்குகிறது. வரப்பின் உள்பக்கத்தைச் செதுக்கி அண்டை போடுவது, நண்டு வளைகளைச் சேறு வைத்து மிதித்து அடைப்பது, பரம்படிக்கும்போது மேடு பள்ளம் தட்டுவது. கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைகள் இவைதாம். வயலில் ஒரு மூலை நான்கு விரல் மேடாக இருந்தால், அந்த மூலைக்காக வயல் முழுவதும் நான்கு விரல் தண்ணீர் கூடக் கட்ட வேண்டியிருக்கும். மேட்டில் களை மண்டும், பள்ளத்தில் உரம் சேரும். லேசர் கருவி வாடகைக்குக் கிடைக்கும் ஊர்களில் கோடை உழவின்போது ஒரு முறை சமன்படுத்திவிடுங்கள்.

நட்டபின் முதல் வாரம் 2 செ.மீ. அளவு தண்ணீர் போதும், நாற்று வேர் பிடிக்கட்டும். அதன் பிறகு காய்ச்சலும் பாய்ச்சலும். 5 செ.மீ. கட்டி, அது முழுவதும் மறைந்து ஓரளவு காய்ந்த பின்னரே மறுபடி கட்டுவது. எவ்வளவு காயலாம் என்பதில்தான் எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தைத் தீர்க்கப் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய கருவி, வயல் நீர்க்குழாய். கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான துண்டு. அதன் கீழ்ப் பாதியில் சுற்றிலும் இரண்டு செ.மீ. இடைவெளியில் சிறு துளைகள் போடுங்கள். துளையுள்ள பகுதி மண்ணுக்குள் 20 செ.மீ. போகும்படி அழுத்திப் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் அள்ளி எடுத்துவிடுங்கள். வரப்பிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் எட்டிப் பார்க்கும் தூரத்தில், மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

குழாய்க்குள் தெரியும் தண்ணீர் மட்டமும் வயல் மண்ணுக்குள் இருக்கும் மட்டமும் ஒன்றே. மேலே வயல் காய்ந்தது போலத் தெரிந்தாலும் குழாய்க்குள் நான்கு விரல் கீழே தண்ணீர் நிற்கும். வேர் அங்கே இருக்கிறது, பயிருக்கு ஒரு குறையும் இல்லை. மண் மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கும்வரை காத்திருக்கலாம், அதன் பிறகு 5 செ.மீ. கட்டுங்கள். இந்த முறையில் பாசன நீர் 30 சதவீதம்வரை மிச்சமாகும், விளைச்சல் குறையாது. வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் வெகுவாகக் குறைகிறது.

டெல்டாவின் கனத்த களிமண்ணுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த மண் காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு விழுந்த வயலில் கட்டும் தண்ணீர் வெடிப்பு வழியாகவே கீழே ஓடிவிடும், அதோடு யூரியாவும். ஆகவே குழாயில் 15 செ.மீ. வராவிட்டாலும், மயிரிழை வெடிப்பு தெரிந்ததுமே மடையைத் திறந்துவிடுங்கள். குழாயை நம்புங்கள், ஆனால் உங்கள் மண்ணை அதைவிட நம்புங்கள்.

காயவிடக் கூடாத நாட்களும் உண்டு. கதிர் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து முடிந்து ஒரு வாரம்வரை 5 செ.மீ. நிற்க வேண்டும். இந்த நாட்களில் தண்ணீர் குறைந்தால் பதர்தான். களை அதிகமுள்ள வயலில் முதல் மூன்று வாரம் காய்ச்சலைத் தள்ளிவைத்துக் களையை அடக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது.

தண்ணீர் நம் கையில் இல்லாதபோது

மேலே சொன்னது ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களுக்குச் சுலபம். வாய்க்காலை நம்பியிருப்பவர்களுக்கு மடையை நினைத்த நாளில் திறக்க முடியாது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் முறைப்பாசனம். கடைமடைக்காரர் தண்ணீர் வரும்போதே வயலை நிறைத்து வைத்துக்கொள்வதைக் குறை சொல்ல முடியாது. அடுத்த முறை வருமா என்பது அவருக்குத் தெரியாது.

அவர்கள் செய்யக்கூடியது, தண்ணீருக்கு ஏற்ப உரத்தின் நாளை மாற்றுவது. இருபதாம் நாள் மேலுரம் என்றால் பதினெட்டும் சரி, இருபத்திரண்டும் சரி. தேதியைப் பிடித்துக்கொண்டு நிறைந்த வயலில் விசிறுவதைவிட, உங்கள் முறைக்கு முந்தைய நாள், வயல் சுண்டிச் சேறாக இருக்கும் மாலையில் விசிறிவிடுங்கள். மறுநாள் வரும் தண்ணீர் உரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும். அன்று முதல் பாய்ச்சலை 3 செ.மீ. அளவில் நிறுத்தி, மூன்று நாள் கழித்து மீதியைக் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது. வயலுக்கு வயல் பாய்ச்சல் உள்ள இடங்களில் பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, இருவரும் ஒரே நாளில் உரம் போடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

இலை சொல்லும் கணக்கு

நான்கு பங்காகப் பிரிக்கும் முறை சராசரி வயலுக்கானது. உங்கள் வயலுக்கு இந்த வாரம் தழைச்சத்து வேண்டுமா என்பதை இலை வண்ண அட்டை சொல்லும். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட சிறு பிளாஸ்டிக் அட்டை அது.

நட்ட 14-ஆம் நாள் தொடங்கி வாரம் ஒருமுறை, முதல் பூ வரும்வரை பாருங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள், ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பார்ப்பது முக்கியம். வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பத்துக் குத்துகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மேலே முழுதாக விரிந்த இலையைக் கிள்ளாமல் அட்டையின் மேல் வைத்து, இலையின் நடுப்பகுதியை ஒப்பிடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, உங்கள் நிழல் இலையின் மேல் விழட்டும். வெயில் பட்ட இலை வெளுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். பத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் 4-ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால் உரம் போடலாம். வெள்ளைப் பொன்னிக்கும் நேரடி விதைப்பு வயலுக்கும் அளவு 3. குறுவையில் ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 30 கிலோ யூரியா, சம்பா, தாளடியில் 26 கிலோ. மழைக்காலத்தில் வெயில் குறைவு, பயிர் சத்தைப் பயன்படுத்தும் வேகமும் குறைவு, அதனால் அளவும் குறைகிறது.

அட்டை வைத்துப் பார்த்தால் கடைசி மேலுரம் பல வயல்களில் தேவைப்படாது. தேவையில்லை என்றால் போடாதீர்கள். கதிர் வெளிவரும் நேரத்தில் கரும்பச்சையாக நிற்கும் வயலுக்குப் போடும் யூரியா பதரையும் சாய்வையும்தான் கூட்டும். புகையான் தென்பட்டால் யூரியாவை உடனே நிறுத்திவிட்டுத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

எல்லா மேலுரத்திலும் தவறவே விடக்கூடாதது கதிர் உருவாகும் பருவத்து உரம். அதற்கு நாள் கணக்கு எளிது. கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து அறுவடைக்கு எந்த ரகத்துக்கும் ஏறத்தாழ 60 முதல் 65 நாள். ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகத்துக்கு விதைத்த 45 முதல் 50-ஆம் நாள், 155 நாள் சிஆர் 1009-க்கு 90 முதல் 95-ஆம் நாள். நடவு நாளிலிருந்து எண்ணாதீர்கள், விதைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். நாற்று மூப்பு, குளிர் எல்லாம் நாளைக் கொஞ்சம் முன்பின்னாக்கும், அதனால் கண்ணாலும் பாருங்கள். நல்ல தூரில் நடுத்தண்டை அடியோடு பிடுங்கி, பிளேடால் அடியிலிருந்து மேல்நோக்கி நெடுகக் கீறுங்கள். கணுக்களுக்கு மேலே, தண்டின் உச்சியில், ஊசிமுனை அளவில் வெள்ளையாகப் பஞ்சு போன்ற நுனி தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதுதான் இளங்கதிர். அது தெரிந்த வாரத்தில் யூரியா, பொட்டாஷ் இரண்டையும் சேற்று ஈரத்தில் கொடுத்துவிடுங்கள். அதே நேரத்திலும் பத்து நாள் கழித்தும் யூரியா 1, டிஏபி 2, பொட்டாஷ் 1 சதவீதக் கரைசலை இலைவழித் தெளிப்பது மணி பிடிக்க உதவும். டிஏபியை முந்தின இரவே ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பயிர் வெளுத்தால் எல்லாம் யூரியாக் குறைவு அல்ல

நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாகி, இலையின் நடு நரம்பு அடியில் வெளுத்து, கீழ் இலைகளில் துருப்பிடித்த புள்ளிகள் வந்தால் துத்தநாகக் குறைவு. யூரியா போட்டால் இது தீராது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து, நடவுக்குச் சற்று முன் தூவுவதே முறை. டிஏபியோடு கலக்காதீர்கள். குறை வந்த பிறகு பார்த்தவர்கள், 200 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட், 2 கிலோ யூரியா கரைத்துத் தெளியுங்கள். அறிகுறி மறையும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

இன்னொரு வெளுப்பு தண்ணீரால் வருவது. சந்தேகம் வந்தால் ஒரு குத்தைச் சேற்றோடு பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். வெள்ளை வேரும், செம்பழுப்புப் படிந்த வேரும் நல்லவை. வேர் கறுத்து, முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை அடித்தால் மண்ணுக்குள் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கிறது. நாட்கணக்கில் தண்ணீர் தேங்கிய களிமண் வயலிலும், பசுந்தழை சரியாக மட்காமல் நட்ட வயலிலும் இது வரும். அந்த வேரால் எந்தச் சத்தையும் எடுக்க முடியாது. தண்ணீரை வடித்து மயிரிழை வெடிப்புவரை காயவிடுங்கள், புது வெள்ளை வேர் வந்த பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வெள்ளம் வடிந்த பிறகு

வடகிழக்குப் பருவமழையில் சம்பா மூழ்குவது டெல்டாவுக்குப் புதிதல்ல. தண்ணீர் வடிந்த அன்றே பதறிப்போய் யூரியா வாங்கி விசிறுகிறார்கள். மனம் கேட்காது, புரிகிறது. ஆனால் மூழ்கி எழுந்த பயிருக்கு வேர் செயல்படச் சில நாள் ஆகும். முதலில் வடிகாலை ஆழப்படுத்தித் தண்ணீரை முழுவதும் வெளியேற்றுங்கள். புதுக் குருத்து தலைகாட்டட்டும். அதன் பிறகு ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். வேர் வலுக் குறைந்திருக்கும் பயிருக்கு மேலே சொன்ன துத்தநாக, யூரியாத் தெளிப்பும் நல்ல கைகொடுக்கும். வருடா வருடம் மூழ்கும் தாழ்வான வயலாக இருந்தால், உரத்தில் தீர்வு தேடாமல் அடுத்த சம்பாவுக்குச் சிஆர் 1009 சப் 1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகத்தை எடுங்கள்.

கதிர் முற்றித் தலை சாய்ந்ததும் பாய்ச்சலை நிறுத்தும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு மடையை அடைத்துவிடலாம், களிமண்ணில் உள்ள ஈரமே மணி முற்றப் போதும். இயந்திர அறுவடைக்கு வயல் இறுகியிருக்கும், வைக்கோலும் அழுகாது. அறுவடை முடிந்த கையோடு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவக் குழி எடுத்து, 15 செ.மீ. ஆழம்வரை பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி, நிழலில் உலர்த்திப் பகுத்து, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்துவிடுங்கள். முடிவு கையில் வந்த பிறகே அடுத்த பட்டத்துக்கு மூட்டை வாங்கப் போங்கள்.